கணிதம் 58, வகுப்பில் 27ஆம் இடம். சரி, பிள்ளைக்கு எது விளங்கவில்லை?

வெள்ளவத்தை அப்பா:
மகன் தரம் 7. தவணைப் பரீட்சை அறிக்கையில் இருப்பது தலைப்பில் போட்ட இரண்டு எண்தான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டி. அதே பிழை நாலு கணக்கில். நாலுக்கும் சிவப்புப் பேனையால் ஒரு கோடு, அவ்வளவுதான். தவணைப் பரீட்சையைத் தூக்கிவிட்டு, வகுப்பிலேயே பார்த்துப் புள்ளி போட்டால் என்ன?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
அப்படிக் கோடு போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. வகுப்புக்கு 43 பிள்ளைகள், எனக்கு நாலு வகுப்பு. 172 தாளிலும் விளக்கம் எழுத நேரம் ஏது? நீங்கள் கேட்கிற பாடசாலை மட்டக் கணிப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி, தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றோடு சேராது. சேராததை யார் மதிக்கிறார்கள்? போன தவணை திண்மங்கள் செய்துவரச் சொன்னேன். 11 பேர் ஒரே கடையில் செய்வித்த ரெஜிபோம் கூம்பகம் கொண்டுவந்தார்கள். ஒன்றில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

புறக்கோட்டைப் பொடியன்:
அதையும் சேர்த்தால் காசுள்ள வீட்டுக்குத்தான் ஏ. மிஸ்ஸுக்குப் பிடித்த பிள்ளைகள் யாரென்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், நான் அதில் இல்லை. சாதாரண தரத்தில் தாள் திருத்தியவருக்கு நான் வெறும் சுட்டெண். அதனால்தான் தப்பினேன்.

வெள்ளவத்தை அப்பா:
தம்பி, சாதாரண தரத்தை யார் தொட்டது? நான் தரம் 7 பற்றிப் பேசுகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்காக இரண்டு வருடம் ரியூசனுக்கு அலைந்தது போதாதா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
ஒரு தவணை வேறு மாதிரிச் செய்து பார்த்தேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அரைத்தாளில் ஒரே ஒரு கணக்கு. புள்ளி கிடையாது. உங்கள் மகன் விட்ட அதே பிழையை 9 பேர் விட்டிருந்தார்கள். அடுத்த நாள் அவர்களைக் கூப்பிட்டு, "பாதிப் பாணோடு இன்னும் ஒரு துண்டு வைத்தால் பாதியைவிடக் குறையுமா?" என்றேன். இரண்டு பேர் உடனே சிரித்துவிட்டார்கள். ஆனால் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் "புள்ளி போடாத தாள் எதற்கு?" என்று தொடங்கினார்கள். பாடத்திட்டமும் பிந்தியது. விட்டுவிட்டேன்.

வெள்ளவத்தை அப்பா:
அதைத் திரும்பத் தொடங்குங்கள் ரீச்சர். அந்த 27ஆம் இடத்தையாவது அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமே.

புறக்கோட்டைப் பொடியன்:
எடுத்தால் மற்ற அப்பாமாருக்குப் போன் எடுத்து நீங்களே வரிசை போடுவீர்கள் அண்ணா.