காஸ்பல் (அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பக்திப்பாட்டு) பாடகி மஹாலியா ஜாக்சன்: நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

கொயர்ப்பையன்:
1971, மெட்ராஸ். அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த பயணம், கல்கத்தா, டெல்லி, பம்பாயிலும் பாடினார், உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பத்து வயது, அத்தை கூட்டிப்போனார். எங்கள் சர்ச் கொயரில் அத்தை ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். பாமாலை பாடும்போது தோள் லேசாக ஆடினாலே தொடையில் கிள்ளுவார். மேடையில் அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு 'லார்ட்' என்ற ஒரே சொல்லைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டே போனார், நான் திரும்பிப் பார்த்தால் அத்தை கைதட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் தாளம் தப்பி! மடியிலிருந்த பை விழுந்து சில்லறை உருளுகிறது, குனியவே இல்லை. அடுத்த ஜனவரியில், 60 வயதில், பாடகி இறந்துவிட்டார். பேப்பரைக் காட்டினேன். "ம்" என்றார் அத்தை, அவ்வளவுதான்.

மூன்றாம்பெஞ்ச்:
நேரில் இல்லை. கறுப்பர் உரிமைக்கான 1963 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் 'எனக்கொரு கனவு' என்று பேசியதைக் கல்லூரியில் போட்டார்கள். "கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின்" என்று மஹாலியா பின்னாலிருந்து குரல் கொடுத்தாராமே, அதற்காக ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை, வகுப்பே சிரித்தது. அவர் கத்தியதால்தான் அந்தப் பகுதியே பிறந்தது என்பதெல்லாம் மிகை. அதே கனவை கிங் இரண்டு மாதம் முன்பே, ஜூனில், டெட்ராய்டில் பேசிவிட்டார்.

ரெக்கார்டுராஜா:
மூன்றாம்பெஞ்ச், கிங் முன்பே பேசியதால்தானே மஹாலியாவுக்கு அது தெரியும்? அது நேயர் விருப்பம் ஐயா! பஸ்ஸில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பர்கள் நடத்திய மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்புக்கு நிதி திரட்டப் பாடிய 1956 முதல் கிங்கோடு பழக்கம், அந்த உரிமையில் கேட்டார். சரி, என் கதை சின்னது. நியூ ஆர்லியன்ஸ் போனபோது பக்கத்து மெட்டாரியில் மஹாலியாவின் கல்லறைக்குப் போனேன். நெடுஞ்சாலை இரைச்சலில் நின்றுகொண்டு போனில் அவர் பாட்டைப் போட்டால் லாரிச் சத்தம்தான் கேட்டது. அணைத்துவிட்டேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று. கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்கு 1954இல் போன பிறகு வந்ததில் தொடங்காதீர்கள், பலவற்றில் வயலின் கூட்டத்தைக் கொட்டிச் சர்க்கரைப் பாகாக்கிவிட்டார்கள். அதற்கு முன் அப்பல்லோ என்ற கம்பெனிக்குப் பாடியதைக் கேளுங்கள். ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டு. அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸின் பியானோவில் இடது கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள், பாதிப் பாட்டு அங்கேதான் நடக்கிறது, அந்த அம்மாளுக்குப் பேரும் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. சமைத்துக்கொண்டே கேட்காதீர்கள். முக்கியமாக, உங்கள் கொயரில் இதைப் போலப் பாடிப் பார்க்க வேண்டாம், தொண்டை போய்விடும்.

வெள்ளிக்கிழமை:
யாரும் கேட்காத டியூஷன் :)
எனக்கு உறுத்துவது வேறு. காஸ்பல் பாட்டுகள் எழுதிய தாமஸ் டார்சி 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்து எழுதிய 'ப்ரெஷியஸ் லார்ட்' பாட்டை கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா பாடினார், நான்கு வருடம் கழித்து மஹாலியாவின் இறுதிச் சடங்கில் அதையே பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடினார். எங்கள் பாட்டியை அடக்கம் செய்தபோது இதைப் பாடலாமா என்று கேட்டேன். "இங்கிலீஷ் பாட்டா?" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன், இன்னும் ஆறவில்லை. கொயர்ப்பையன், அத்தை அப்புறம் மாறினாரா?

கொயர்ப்பையன்:
எங்கே! அடுத்த ஞாயிறே என் தோள் ஆடியது. கிள்ளினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் கிள்ளினார்.