குறும்படம் எடுக்க வருகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் கரி பூசுகிறார்கள்?

பென்னாகரம் டீச்சர்:

பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள். ஆயா, தாத்தாவோடு இருக்கிறார்கள்.

போன வருடம் கல்லூரிப் பையன்கள் சிலர் குறும்படம் எடுக்க வந்தார்கள். ஆறாம் வகுப்பில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் அவன் எண்ணெய் வைத்து வகிடெடுத்து, கழுத்து வரை பவுடர் பூசி, திருவிழாவுக்கு மட்டும் போடுகிற கவரிங் செயினையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வந்தவர்கள் முதல் வேலையாக அவனை முகம் கழுவச் சொன்னார்கள். அப்புறம் தலையைக் கலைத்தார்கள். கன்னத்தில் அடுப்புக்கரி. அரசு தந்த சீருடையில் பாக்கெட்டை ஒரு பக்கம் பிய்த்துத் தொங்கவிட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று வேறு சொன்னார்கள். பல்லில் பழுப்புக்கறை இருக்கிறதாம், பார்க்கிறவர்கள் பான்பராக் என்று நினைத்துவிடுவார்களாம். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு, எங்கள் ஊரில் பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். "அது கதைக்கு வேண்டாம் மேடம்" என்றார்கள்.

கதை என்னவென்றால், அப்பா குடிகாரர், அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாள், பையன் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையில் சாப்பிடுகிறான், கடைசியில் கிழிந்த புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறான். பின்னால் வயலின். யூடியூபில் ஏற்றினார்கள், ஏதோ ஒரு போட்டியில் பரிசும் கிடைத்தது.

அவன் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். வேலை இடத்தில் யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு போன் செய்தார். "வாரா வாரம் கடைக்காரர் நம்பருக்குப் பணம் போடறேன் டீச்சர். எம் பையன் எச்ச எலையில சாப்பிடறானா?" நடிப்புதான் என்று சொன்னேன். "நடிப்புன்னு ஊருக்கு யார் சொல்றது?" என்றார்.

இப்போது என் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே போனில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். 2022இலிருந்து பள்ளியில் மாதம் ஒரு சிறார் படம் போடுவதால் வந்த ஆசை. அவர்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்த கதையிலும் குடிகார அப்பா, வயலின்! ஏழைப் பிள்ளை என்றால் இப்படித்தான் காட்ட வேண்டுமா? வேறு மாதிரி எடுத்த குறும்படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.

தர்மபுரி சினிமா பைத்தியம்:

லிங்க் இருந்தா போடுங்க மேடம், பார்த்துட்டுச் சொல்றேன்.

பென்னாகரம் டீச்சர்:

போட மாட்டேன் தம்பி. பையன் முகம் இருக்கிறது.

ஓசூர் கேமராக்காரன்:

கல்யாணம், வளைகாப்பு எடுத்துப் பிழைக்கிறேன், இடையில் குறும்படங்களுக்கும் கேமரா பிடித்திருக்கிறேன். அந்தப் பையன்களை ரொம்பத் திட்டாதீர்கள் டீச்சர். போட்டி என்றால் 10 நிமிடம், 15 நிமிடம் என்று வரம்பு வைப்பார்கள். கேமரா வாடகை நாள் கணக்கு. நடுவர் ஒரே உட்காரலில் எத்தனையோ படம் பார்ப்பார், அவர் நிமிர்ந்து உட்கார வேண்டுமானால் கடைசி நிமிடத்தில் ஓர் அடி வேண்டும் என்று இவர்களாக முடிவுசெய்துகொள்கிறார்கள். அடி யார்மேல் விழும்? குழந்தைமேல்தான். நானே ஒரு படத்தில், கொய்யாப்பழம் திருடிய பையனைக் கட்டிவைத்து அடிக்கிற காட்சியை எடுத்திருக்கிறேன். எடிட்டிங்கில் ஏழு வயலின் சேர்த்தார்கள்.

இரண்டு படம் சொல்கிறேன். முதலாவது ஆண்ட்ரியா ஆர்னால்டு 2003இல் எடுத்த 'வாஸ்ப்'. 26 நிமிடம், 2005இல் ஆஸ்கர் வாங்கியது. இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டு என்ற ஊர். நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் இளம் தாய், கையில் காசு இல்லை. பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்த்ததும், இவை என் பிள்ளைகள் இல்லை, பார்த்துக்கொள்கிறேன் அவ்வளவுதான் என்று பொய் சொல்லிவிட்டு, அன்று இரவே அவனைச் சந்திக்க மதுக்கடைக்குள் போகிறாள். பிள்ளைகள் வெளியே பசியோடு காத்திருக்கின்றன. கைக்குழந்தையின் வாய்க்குள் ஒரு குளவி போகிறது. பார்க்கும்போது உங்களுக்கு அவள்மேல் கோபம் வரும். ஆனால் படம் அவளைத் திட்டாது. அவளுக்கும் ஒரு மாலை நேரம் வேண்டியிருக்கிறது என்பதும், பிள்ளைகள் அவளை விட்டுக்கொடுக்காமல் நிற்பதும் கூடவே தெரியும். இது உங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

அவர்களுக்கு, ஈரானில் கியரோஸ்தமி 1970இல் எடுத்த முதல் படம், 'ரொட்டியும் சந்தும்'. சுமார் 10 நிமிடம்தான், வசனமே கிடையாது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சின்னப் பையன், சந்தில் ஒரு நாய். அவ்வளவுதான் கதை. அவன் ஏழையா பணக்காரனா என்று உங்களுக்குத் தோன்றவே தோன்றாது, நாயைத் தாண்டுவானா என்பதுதான் கவலை. டெஹ்ரானில் சிறுவர்களுக்காக 1965இல் தொடங்கிய கானூன் என்ற நிறுவனம் எடுக்கவைத்த படம். அதாவது, பார்க்கப்போவதும் பிள்ளைகள்தான் என்று தெரிந்தே எடுத்தது. நாம் பிள்ளைகளை வைத்துப் பெரியவர்களுக்கு எடுக்கிறோம். கரி பூசுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

ஒரே ஒரு தொழில் யோசனை: கேமராவைப் பையனின் கண் உயரத்தில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் யாராக இருந்தாலும் பாவமாகத்தான் தெரிவார்கள்.

ஏரியூர்க்காரன்:

டீச்சர், வணக்கம். நான் அந்தப் பையன்தான், இருபது வருடம் முன்னால். மூன்றாம் வகுப்பிலிருந்து அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில். நானும் அக்காவும் ஆயாவிடம். இப்போது ஓசூர் சிப்காட்டில் வேலை. இந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

முதலில் அந்தக் கிழிந்த பாக்கெட். எங்கள் ஆயா இருந்த வீட்டில் கிழிந்த பாக்கெட் ஒரு ராத்திரி தாண்டாது. கையில் என்ன நூல் இருக்கிறதோ அதால் தைத்துவிடும். வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல், அதைப் பார்த்துப் பள்ளியில் சிரிப்பார்கள். வறுமையைக் காட்ட வேண்டுமானால் அந்தக் கறுப்புத் தையலைக் காட்டட்டும். கிழிந்து கிடந்தும் யார் கண்ணிலும் படவில்லை என்றால் அது வேறு விஷயம், அதற்குப் பெயர் புறக்கணிப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்தப் படங்களின் கோளாறு. காசு இல்லாத வீட்டில் கவனிப்பும் இருக்காது என்று எடுத்தவுடனே முடிவுசெய்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இப்போது அரசு வருடத்துக்கு 4 செட் சீருடை, காலணி, பை எல்லாம் தருகிறது. கிழிசலைத் தேடிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். சீருடையிலேயே ஆடு மேய்க்கிற பையன் இருப்பான். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் சீருடையிலேயே வருவான், ஏனென்றால் இருப்பதில் நல்ல துணி அதுதான். நான் என் மாமா கல்யாண போட்டோவில் காக்கி டவுசரில் நிற்கிறேன்.

பசிக்கும் கிழமை உண்டு. பள்ளி நாளில் மத்தியானம் சத்துணவு, முட்டை. சனி, ஞாயிறுதான் இடிக்கும். இப்போது ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது, 2023 ஆகஸ்டில் இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும். எட்டாம் வகுப்பு அக்கா தம்பியைச் சாப்பிட அனுப்பிவிட்டு வெளியே நிற்பாளா இல்லையா, டீச்சர் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை எவனாவது எடுத்தானா?

அக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் படங்களில் பையன் எப்போதும் தனியாக இருப்பான். எங்கள் பக்கம் தனிப் பையன் ஏது? ஓர் அக்கா இருப்பாள், வீடே அவள்மேல்தான் நிற்கும். மாசி, பங்குனியில் வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளி கொண்டுவந்து இறக்குவார். ஓட்டை உடைத்து, நாரெடுத்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆயாவும் அக்காவும் விளக்கு வைத்த பிறகும் தட்டிக்கொண்டிருப்பார்கள். நகக்கண் எல்லாம் வெடித்து எரியும். அந்தக் கையோடு சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் அக்காவுக்கு ஆயா களி உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டும். எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும், சாயந்திர பஸ் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அப்பா குடிகாரர் எல்லாம் இல்லை. பஸ்தான்.

மே மாத லீவில் எங்களை பெங்களூருக்கு அழைத்துப்போவார்கள். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை. பகலில் உள்ளே உட்கார முடியாது, அப்படிக் காயும். ஆனால் என் சின்ன வயதில் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். வீடு உயரத்துக்கு மணல் குவியல், ராயச்சூர்க்காரப் பிள்ளைகள், அவர்களிடம் கற்ற கன்னடக் கெட்ட வார்த்தைகள், ராத்திரியில் அம்மா பக்கத்தில் படுக்கை. மூடாத லிஃப்ட் குழியும் அங்கேதான் இருந்தது, ஆணி குத்தி நான் நொண்டியதும் அங்கேதான். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நாளில். குழியை மட்டும் எடுப்பவருக்குப் பரிசு கிடைக்கும். மணலை மட்டும் எடுத்தால் விளம்பரப் படம்.

அந்தப் பையன் பவுடர் பூசி வந்தான் அல்லவா, படமே அதுதான். அவர்கள் கேமராவை அங்கேயே ஆன் செய்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி களப்பணி:

குழந்தைப் பாதுகாப்பு வேலையில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி என்று சுற்றிக்கொண்டிருப்பவள். ஏரியூர் தம்பி சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா ஆயாவும் உங்கள் ஆயா இல்லை தம்பி. கண் தெரியாத ஆயாவிடம் மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போன வீடும் எனக்குத் தெரியும். அங்கே பாக்கெட் கிழிந்தேதான் இருந்தது. ஏழைகள் மனம் புண்படும் என்று அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அதேபோல மாடி வீட்டில், சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல், போனை மட்டும் கையில் கொடுத்துப் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் விடப்பட்ட பிள்ளையும் உண்டு. அந்த வீட்டுக்குள் எந்தக் குறும்படக்காரரும் போக முடியாது, கேட்டில் வாட்ச்மேன். ஏழை வீட்டுக்குக் கதவு சாத்துவதில்லை, அதனால் கேமரா அங்கே போகிறது.

சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவு, குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் பெற்றோர் தங்கள் கைமீறிய சூழ்நிலையால் பிள்ளையை விட்டுவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டனை இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு இருந்த நிதானம் கதை எழுதுகிறவர்களுக்கும் வேண்டும்.

அடுத்தது, டீச்சர், அந்தப் படப்பிடிப்பே ஒழுங்காக நடக்கவில்லை. சிறுவர்களை நடிக்கவைப்பதற்கு 2017இல் திருத்திய விதிகள் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் 3 மணி நேரம் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு விருப்பம் இல்லாமல் நடிக்கவைக்கக் கூடாது. சம்பளம் கொடுத்தால் அதில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊரில் யாரும் இந்த அனுமதியைக் கேட்டதாகத் தெரியவில்லை, தலைமையாசிரியர் ஒரு 'சரி' சொன்னால் போதும் என்று வந்துவிடுகிறார்கள். நிஜமாகவே கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தால் கேமராவை எடுக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது, முன்னால் சொன்ன இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு.

அந்தப் படத்தை யூடியூபிலிருந்து எடுக்கச் சொல்லிப் பையனின் அப்பாவே எழுதிக் கேட்கலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பென்னாகரம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். அவர் ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வருகிறார், கையெழுத்து அப்போது வாங்கிவிடலாம்.

நாய்ப் படத்தை நேற்று வகுப்பில் போட்டேன். முடிந்ததும் ஒருத்தன் கேட்டான், "இவ்ளோதானா டீச்சர்? இது மாதிரின்னா எங்ககிட்ட நெறையக் கெடக்கு." குடிகார அப்பா கதையை அவர்களே தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதுக் கதை: பையன் கணக்கில் ஃபெயில். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வேண்டும், அவர் பெங்களூரில். ஆயா கைநாட்டு வைக்கச் சம்மதித்துவிட்டது, ஆனால் மை இல்லை. ரேஷன் கடைக்கு ஓடுகிறான், அங்கே விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. தபால் ஆபீசில் ஸ்டாம்ப் பேடு தரமாட்டேன் என்கிறார்கள். கடைசியில் நாவல்பழத்தை நசுக்கி ஆயா கட்டைவிரலில் தேய்க்கிறான். சொல்லும்போதே வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆயாவாக நடிக்க ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயார், வெற்றிலைகூடப் போடுவேன் என்கிறாள், அதை மட்டும் தடுத்திருக்கிறேன்.

பவுடர் பூசி வந்தவன்தான் இதிலும் நடிக்கிறான். அவன் அப்பாவிடம் போனில் கதையைச் சொல்லிவிட்டேன், "ஃபெயிலுன்னு மட்டும் போடாதீங்க, ஜஸ்ட் பாஸுன்னு வெச்சிக்கோங்க" என்கிறார்.

எங்கள் பக்கம் காற்று அதிகம், போனில் பேச்சு எதுவும் தெளிவாகப் பதியவில்லை. என்ன செய்யலாம்?

ஓசூர் கேமராக்காரன்:

சட்டையில் மாட்டுகிற மைக் இரண்டு என்னிடம் இருக்கிறது, மேலே மாட்டப் பஞ்சுறையும் தருகிறேன். இந்த மாதம் முகூர்த்தம் நெருக்கம், ஆடியில் எனக்கு வேலை இருக்காது, நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அப்பா சொன்னதைக் கேட்காதீர்கள் டீச்சர், ஃபெயில்தான் வேண்டும். ஜஸ்ட் பாஸ் என்றால் அவன் ஏன் ஓடப்போகிறான்?

ஏரியூர்க்காரன்:

ஆடியில் நாவல்பழம் கிடைக்கும், ஆனால் சந்தையில் விலை ஏறியிருக்கும். எங்கள் காட்டு ஓரத்தில் இரண்டு மரம் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி ஒரு கூடை கொடுத்துவிடுகிறேன், ஷூட்டிங்குக்கு முன்னால் பிள்ளைகள் தின்று தீர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.