அப்சென்ஸ் சீஷர்: தமிழில் என்ன போடலாம்?

தே.மா.:
அன்பர்களே, பெற்றோருக்கான கைப்பிரதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அப்சென்ஸ் சீஷர் (absence seizure) என்ற வலிப்பு வகைக்கு ‘இன்மை வலிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை. குழந்தை பேசிக்கொண்டே இருக்கும், பேச்சு அறுந்துபோகும். பத்து விநாடி ஒரே வெறித்த பார்வை, இமை மட்டும் படபடக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை. இதை வலிப்பு என்றால் யார் நம்புவார்?

பு.கி.:
நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. வலித்தல் என்றால் இழுத்தல். தண்டு வலித்தல், துடுப்பு வலித்தல் எல்லாம் அதுதான். கால்-கை வலிப்புதான் காக்காய் வலிப்பாக மருவியது. இழுக்காத ஒன்றுக்கு இழுப்பு என்ற பெயர் எதற்கு? ‘அற்றம்’ என்க. அறு > அற்று > அற்றம். ‘அறிவற்றங் காக்குங் கருவி’ என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார்.

செ.வ.:
ஐயா, அந்தக் குறளில் அற்றத்துக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் ‘இறுதி’, அதாவது அழிவு. பெற்றோர் கையில் அதையா கொடுப்பது? பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் வலிப்புநோய்க்கு முயலகன் என்ற பெயர் இருக்கிறதே. கொல்லிமழவன் என்ற சிற்றரசன் மகளுக்கு வந்து, திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பாடித் தீர்த்த நோய்.

நா.ரா. (நரம்பியல்):
முயலகன் நோயின் பெயர், தே.மா. கேட்பது நிகழ்வின் பெயர். காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைக்கெல்லாம் வலிப்புநோய் இருப்பதாகாது. வேறு தூண்டுதல் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தால்தான் பொதுவாக அந்தப் பெயர்.

வலிப்பு என்ற சொல்லை நீக்காதீர்கள். தசை இழுக்காவிட்டாலும் உள்ளே நடப்பது அதுதான். மூளையின் உள்ளே இருக்கும் தலாமசும் மேலடுக்கான புறணியும் ஒரே தாளத்தில் மாட்டிக்கொள்கின்றன. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈஈஜியில் விநாடிக்கு மூன்று வீதம் ஈட்டிபோல் கூரான முனையும் அலையும் மாறி மாறி வரும். குழந்தையை மூன்று நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் சொன்னால் பெரும்பாலும் கண்ணெதிரே வந்துவிடும். சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். வலிப்பு என்ற சொல் போனால் வகுப்பில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்ற பட்டம்தான் மிஞ்சும்.

கு.செ.:
எல்லாரும் ஃபிட்ஸ் என்கிறார்கள், ஃபிட்ஸ் என்றே எழுதுங்களேன். தனித்தமிழ் வாழ்க, பெற்றோரும் வாழட்டும்.

செ.வ.:
‘உறைவு வலிப்பு’?

தே.மா.:
அடுத்த பக்கத்தில் பக்கவாதம், ‘இரத்த உறைவு’ வருகிறது. ‘வெறிப்பு’ம் ஆகாது, வெறிநாய் நினைவு வரும். ‘நினைவு தப்பும் வலிப்பு’?

நா.ரா.:
நினைவு தப்பியது என்றால் மயங்கி விழுந்ததாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பிலும் நினைவு தப்பலாம். அது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் நீளும். வாய் மெல்லும், கை எதையாவது தடவும், தெளிந்த பிறகும் குழப்பம் இருக்கும். அதற்குக் கார்பமசெபைன் தருவதுண்டு, அதே மருந்து அப்சென்ஸை மோசமாக்கலாம். இதற்கு எத்தோசக்சிமைடு அல்லது வால்புரோயேட். பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும். எனவே எந்தப் பெயர் வைத்தாலும் ‘சில விநாடி, விழாமல்’ என்ற விளக்கம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தே.மா.:
‘நினைவு நழுவும் வலிப்பு’ என்பதற்கு மூவர் சரி என்கிறார்கள். முதல் இடத்தில் அப்சென்ஸ் சீஷர் என்றும் சேர்த்து, விளக்கத்தோடு அனுப்புகிறேன்.

பு.கி.:
நழுவுவது மெல்ல நடப்பது. சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும் என்று நா.ரா. மேலே எழுதியிருக்கிறார். அறுவதுதான் சட்டென்று நடக்கும். என் வாக்கு அற்றத்துக்கே.