ஸ்பீடோமீட்டர் முள் குதிக்கிறது, திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது: சென்சாரா, வயரா?

கேள்வி:

வணக்கம். ஏபிஎஸ் இல்லாத, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக். ஸ்பீடு சென்சார் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு மேலே கியர்பாக்ஸில் இருக்கிறது, மூன்று வயர். சீராக 60-ல் போகும்போதே முள் 20-க்கு விழுகிறது, சில நேரம் பூஜ்யத்துக்கே போய்த் திரும்ப ஏறுகிறது. மழையில் நனைந்தால் தொல்லை கூடுகிறது. மைல்கற்களோடு ஒப்பிட்டால் ஓடோமீட்டரும் குறைவாகவே ஓடுகிறது. டயர், ஸ்ப்ராக்கெட் எதையும் மாற்றவில்லை. மெக்கானிக் நேராகப் புது சென்சார் போடச் சொல்கிறார். அதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து உறுதிசெய்துகொள்ள வழி உண்டா?

பதில் 1:

உண்டு. பாதி விடை நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. ஓடோமீட்டரும் குறைவாக ஓடுகிறது என்றால், சென்சார் அனுப்பும் மின் துடிப்பு (பல்ஸ்) மீட்டருக்குள் வந்து சேரவில்லை. ஓடோமீட்டர் சரியாக ஓடி முள் மட்டும் ஆடினால், மீட்டருக்குள் முள்ளைத் திருப்பும் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இனி பார்க்க வேண்டியது, பல்ஸ் எந்த இடத்தில் அறுகிறது என்பது மட்டும்தான்.

மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் சென்சார், அதாவது காந்தப்புலம் மாறுவதை உணரும் வகை: ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். ஓம்ஸில் வைத்து இதை அளக்காதீர்கள். உள்ளே ஐசி (சிப்) இருப்பதால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இரண்டு வயர் காயில் சென்சாருக்குத்தான் அந்தச் சோதனை.

கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கம் ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்கணும். இன்ஜின் ஆஃப், சாவி ஆன், நியூட்ரல், பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில். சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே, வண்டியைப் பொறுத்து 5 வோல்ட்டோ பேட்டரி வோல்ட்டேஜோ இருக்கணும். எந்த அளவு என்று வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சாரின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கணும். அதற்கு மேல் என்றால் எர்த் பலவீனம்.

கடைசியாக சிக்னல். சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுற்றுங்கள். பூஜ்யத்தை ஒட்டி ஒரு அளவு, மேலே 5 அல்லது 12-ஐ ஒட்டி ஒரு அளவு, இரண்டுக்கும் இடையே சட்டென்று மாறணும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்; அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பல பைக்குகளில் சிக்னலின் மேல் வோல்ட்டேஜை மீட்டரோ ஈசியூவோதான் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தருகிறது, சென்சார் அதை எர்த்துக்கு இழுத்துவிடுவதோடு சரி. அதனால் சென்சாரைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்க கனெக்டரில் சிக்னல் பின்னை அளந்தால் அந்த வோல்ட்டேஜ் அப்படியே நிற்கணும். நிற்காவிட்டால் கோளாறு சென்சாரில் இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன.

பதில் 2:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கோங்க. முள் கீழே விழுதா, மேலே குதிக்குதா என்று பிரித்துப் பார்க்கணும். கீழே விழுந்தால் பல்ஸ் காணாமல் போகுது. மேலே குதித்தால் வேண்டாத பல்ஸ் கூடுது. இரண்டுக்கும் காரணம் வேறு.

நியூட்ரலில் நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்க. வண்டி நகராமலே முள் அசைந்தால் இக்னிஷன் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுது. ஸ்பார்க் பிளக் எண்ணில் ரெசிஸ்டரைக் குறிக்கும் ஆர் எழுத்து இருக்கா பாருங்க. அந்த வகை பிளக்கில் மேல்முனைக்கும் நடு எலெக்ட்ரோடுக்கும் இடையே சுமார் 5 கிலோ ஓம் காட்டும். சிக்னல் வயர் இக்னிஷன் காயிலையோ பிளக் வயரையோ ஒட்டிப் போனால் விலக்கிக் கட்டுங்க. சார்ஜிங்கையும் பார்த்துடுங்க: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 முதல் 14.5 வரை டிசி. அதே இடத்தில் ஏசி வைத்து அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது; வந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்க.

உங்களுக்குக் கீழேதான் விழுது, மழையில் கூடுது. அதனால் நான் முதலில் கை வைப்பது கனெக்டரிலும் சென்சார் முனையிலும். முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் செயினுக்கு அடிக்கும் லூப்ரிகன்ட்டும் தூசியும் களிம்பாகக் கட்டிக்கிடக்கும். சென்சாருக்குள் காந்தம் இருந்தால் கியர் தேய்ந்து வரும் இரும்புத்தூள் அதன் முனையில் மீசை மாதிரி ஒட்டிக்கும். கியரின் பல்லுக்கும் பள்ளத்துக்கும் சென்சார் உணரும் வித்தியாசம் அப்போ மங்கிடும். துணியால் துடைச்சாலே போதும், உளி, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்குக்கு ஒரு துளி ஆயில். போல்ட் எம்6 என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினிய மரை சீக்கிரம் போயிடும்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். சப்ளை 12.4, அசையவில்லை. எர்த் 0.03. சென்சார் முனையில் இரும்புத்தூள் இருந்தது, துடைத்தாயிற்று. நிறுத்தி வைத்து ரெய்ஸ் செய்தால் முள் அசையவில்லை. சென்சாரைக் கழற்றி வண்டிப் பக்க சிக்னல் பின்னை அளந்தால் ஹேண்டில் நேராக இருக்கும்போது 5 வோல்ட், முழுக்க இடது பக்கம் திருப்பினால் பூஜ்யம். வலது பக்கம் 5. கனெக்டரின் ஒரு பின்னில் பச்சை பூத்திருக்கிறது.

பதில் 1:

அப்படியானால் சென்சார் வாங்க வேண்டாம். ஸ்டீயரிங் ஹெட் அருகே வயர் உள்ளேயே அறுந்திருக்கிறது. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக வளைந்து முறிந்திருக்கும். இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். முறிந்த இடத்தில் உறை ரப்பர் போல நீளும்.

சப்ளை வயரும் அதே கட்டில்தான் வளைகிறது, அதனால் 12.4 வந்ததை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். சென்சாரைக் கழற்றிய நிலையில், சப்ளைக்கும் எர்த்துக்கும் குறுக்கே 12 வோல்ட் 5 வாட் பல்பை வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். பல்பு மங்கினால் அந்த வயரும் போய்க்கொண்டிருக்கிறது. சப்ளை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருகிறது என்று வயரிங் படத்தில் உறுதியான பிறகே இதைச் செய்யுங்கள். மீட்டரிலிருந்தோ ஈசியூவிலிருந்தோ வரும் சப்ளையில் பல்பு வைத்தால் அதன் சர்க்யூட் எரிந்துபோகும்; 5 வோல்ட் சென்சார் உள்ளவர்கள் கவனிக்கவும்.

பதில் 2:

ரிப்பேரில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். முறிந்த இடத்திலேயே சோல்டர் வைத்துச் சுற்றினால், ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைப்பாகி அதன் ஓரத்திலேயே திரும்ப ஒடியும். வளையும் பகுதி முழுவதற்கும் மெல்லிய இழைகள் கொண்ட 0.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் புதிதாகப் போடுங்க. ஒரு இணைப்பு டேங்க் அடியில், இன்னொன்று ஹெட்லைட் பக்கம், இரண்டுமே அசையாத இடம். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை வெட்டிவிட்டுத்தான் சேர்க்கணும். உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் உறை) போட்டால் தண்ணீர் ஏறாது.

பச்சை பூத்த பின்னை கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, பெண் முனை விரிந்திருந்தால் லேசாக நெருக்கிவிட்டு, டை-எலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்க. கட்டும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, எந்தப் பக்கமும் வயர் இறுகாத அளவுக்குத் தொய்வு விட்டு டை போடணும்.

முடித்ததும் அதே 5 வோல்ட் சோதனையை ஹேண்டிலை ஆட்டிக்கொண்டே ஒருமுறை செய்யுங்க. இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஸ்பீடு சென்சார் கோளாறு ஈசியூவிலும் பதிவாகியிருக்கலாம். அந்தக் கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்க.