சூடான பிறகும் ஐடில் 1500 ஆர்பிஎம்மில் நிற்கிறது

கேள்வி: பெட்ரோல் கார், கேபிளால் இயங்குற த்ராட்டில் (இன்ஜினுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்துற தட்டு), தனி ஐடில் வால்வு (த்ராட்டில் மூடியிருக்கும்போது காத்து விடுறது). இன்ஜின் சூடானாலும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதப்போ இருக்கிற வேகம், 1500-லிருந்து இறங்க மாட்டேங்குது. செக் இன்ஜின் லைட் எரியல. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைக்கலாமா?

பதில் 1: ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க, அது கம்பெனி செட்டிங். சூடான இன்ஜினுக்கு 700-850 போதும். அதுக்கு மேலன்னா எங்கேயோ காத்து கூடுதலா உள்ளே போகுது. முதல்ல த்ராட்டில் கேபிள்ல லேசா லூஸ் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஐடில் வால்வுக்குப் போற ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பிடிங்க. ஆர்பிஎம் சட்டுனு விழுந்தா வால்வு கார்பன் பிடிச்சுத் திறந்தே நிக்குது, இல்லேன்னா இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அதைத் திறக்கச் சொல்லுது. கொஞ்சமும் மாறலேன்னா மேனிஃபோல்டு கேஸ்கெட் (காத்து போற குழாய் இன்ஜினோட சேர்ற இடத்து சீல்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ளே சேர்ற வாயுவை மறுபடி இழுக்கிற குழாய்) இதுல கசிவு இருக்கான்னு பாருங்க.

பதில் 2: இசியூ ஏன் திறக்கச் சொல்லும்னா, கூலன்ட் சென்சார் தப்பா "குளிர்"னு சொல்லலாம். ஸ்கேனர்ல வெப்பநிலையைப் படிங்க. சூடான இன்ஜின்ல 40 டிகிரி காட்டினா சென்சார், வயரிங், இல்லே திறந்தே மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட். இன்னொண்ணு: மேப் சென்சார் (மேனிஃபோல்டு உள்ளே இருக்கிற காத்தழுத்தத்தை அளக்கிறது) வண்டியில காத்துக் கசிவு இருந்தாலும் இசியூ அதுக்கேத்த பெட்ரோலைச் சேர்த்துடும். ஐடில் ஏறும், லைட் எரியாது.

பதில் 3: கசிவைத் தேட கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) அடிக்கிறதா இருந்தா சூடான எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். ஐடில் வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ணும்போது மோட்டார் பகுதிக்குள்ள கிளீனர் இறங்கக் கூடாது.