முத்தியால்பேட்டை மாடிக் கூடத்துக்குக் கஞ்சிரா வாசிப்பவர் தேவை

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு மாடிக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பாட்டும் கவிதையுமாகக் கூடுகிறோம். நெருக்கி உட்கார்ந்தால் 40 பேர். டிக்கெட் கிடையாது, சுக்குக் காபி உண்டு.

வரும் டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள். 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த ஊரில் அதைச் சும்மா விட முடியுமா? அவர் பாடல்களைப் பாட ஒரு தங்கை ஒத்துக்கொண்டிருக்கிறாள். தாளத்துக்குத்தான் ஆள் இல்லை. கஞ்சிராவோ தபலாவோ வாசிப்பவர் யாராவது இருக்கிறீர்களா? மழை ஈரத்தில் கஞ்சிராத் தோல் தொய்ந்துவிடும். கொஞ்சம் முன்னாலேயே வந்தால் நல்லது. வண்டிச் செலவு தருகிறோம்.

அப்புறம் இன்னொன்று. போன மாதம் ஓர் அண்ணன் கவிதை வாசிக்க வாயைத் திறந்ததும் மைக் கீச்சென்று கத்தி, முன்வரிசைக் குழந்தை அழுதுவிட்டது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் நகர்த்தி அதைச் சரிசெய்தோம். ஆனால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எதிரொலித்துக் குழப்புகின்றன. பழைய ஜமக்காளமோ கனமான திரைச்சீலையோ வீட்டில் கிடந்தால் கொடுங்கள், சுவரில் தொங்கவிடுகிறோம். கறை படிந்திருந்தாலும் பரவாயில்லை.

கவிதை வாசிக்க விரும்புகிறவர்களும் பெயர் கொடுக்கலாம், ஆளுக்கு 5 நிமிடம். (அது 15 ஆவது வேறு கதை.) தெரிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.