திரிப்போலிப் போரில் அமெரிக்கா நிஜமாகவே ஜெயித்ததா?

கரையோரம் கேட்டது:
அமெரிக்க வணிகக் கப்பல்களைத் தாக்காமல் இருக்கக் கேட்ட கப்பப் பணம் வரவில்லை என்று 1801 மே மாதம், வட ஆப்பிரிக்காவில் இன்றைய லிபியாவில் இருக்கும் திரிப்போலியை ஆண்ட பாஷா யூசுப் கரமான்லி, அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்தார். அதுதான் போர் அறிவிப்பு. நாலு வருஷம் சண்டை போட்டுவிட்டு, 1805 ஒப்பந்தத்தில் அமெரிக்கா 60,000 டாலர் கொடுத்திருக்கிறது. இதைப் போய் எப்படி வெற்றி என்று எழுதுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாய்மரம்:
அது கப்பம் இல்லை நண்பரே, கைதிகளை மீட்கக் கொடுத்த பணம். 1803 அக்டோபரில் அமெரிக்காவின் பிலடெல்பியா போர்க்கப்பல் ஒரு எதிரிக் கப்பலைத் துரத்திப் போய், திரிப்போலிக்குப் பக்கத்தில் பாறைத் திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. பாரம் குறையட்டும் என்று பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள், முன்பாய்மரத்தையே வெட்டிப் போட்டார்கள், கப்பல் அசையவில்லை. கேப்டன் பெயின்பிரிட்ஜும் 300 பேருக்கு மேலும் சிறைபட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்டீபன் டெக்காட்டர் வணிகக் கப்பல் போல வேஷம் போட்டு இரவில் உள்ளே நுழைந்தார். புயலில் நங்கூரம் போய்விட்டது, பக்கத்தில் கட்டிக்கொள்கிறோம் என்று அரபியில் பேச வைத்து நெருங்கி, பிலடெல்பியாவைக் கொளுத்திவிட்டு ஒருவரைக்கூட இழக்காமல் திரும்பினார். சரி, கப்பல் பாஷாவுக்கு உதவாமல் போனது, ஆனால் ஆட்கள் உள்ளேயேதான் இருந்தார்கள். பணம் கொடுக்காமல் அவர்களை உயிரோடு மீட்டிருக்க முடியாது என்பது என் கருத்து.

மணல்மேடு:
முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அமெரிக்கத் தரப்பின் வில்லியம் ஈட்டன், பாஷாவை இறக்கிவிட்டு அவருடைய அண்ணன் ஹமெத்தைப் பதவியில் உட்கார வைக்க, அவரையே கூட்டிக்கொண்டு எகிப்திலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் பாலைவனம் கடந்து வந்து, 1805 ஏப்ரலில் பாஷாவின் வசம் இருந்த தெர்னா நகரத்தைப் பிடித்தார். அமெரிக்க மரைன் (கடற்படைக் காலாள்) வீரர்கள் எட்டே பேர், மற்றவர்கள் கூலிக்கு வந்த கிரேக்கர்களும் அரபுக் குதிரை வீரர்களும்தான். அடுத்து திரிப்போலி என்று இருந்தபோது அமெரிக்கத் தூதர் டோபையாஸ் லியர் பாஷாவோடு ஒப்பந்தத்தை முடித்துவிட்டார். ஹமெத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அவரை நம்பி வந்த உள்ளூர் ஆட்களைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அவர் மனைவி மக்களைத் தம்பி இன்னும் நாலு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று ரகசியமாக ஒரு ஷரத்து வேறு. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழையதுறை:
இரண்டு பேருமே திரிப்போலியோடு நின்றுவிட்டீர்கள். கப்பம் கேட்ட இன்னொரு வட ஆப்பிரிக்க அரசான அல்ஜியர்ஸுக்கு 1795 ஒப்பந்தப்படி வருஷா வருஷம் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் சாமான்கள் கொடுக்க வேண்டியிருந்தது, 1805க்கு அப்புறமும் அந்தக் கடன் தீரவில்லை. 1815இல் பிரிட்டனோடு நடந்த போர் முடிந்து கை ஒழிந்த பிறகுதான் அதே டெக்காட்டர் பெரிய கப்பற்படையோடு போனார். அல்ஜீரியத் தளபதி ரைஸ் ஹமிது சண்டையில் இறந்தார், அவருடைய மெஷூதா கப்பல் பிடிபட்டது. அடுத்த சில நாட்களில் டெக்காட்டர் அல்ஜியர்ஸ் முன்னால் நின்றார். இனி கப்பம் கிடையாது என்று ஒப்பந்தம் ஆனது, இந்தத் தடவை 10,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது அல்ஜியர்ஸ்தான்.